அமாவாசையில் வந்த ஆய்வுக் குழு

வெளிநாட்டு உதவித் திட்டங்களில் புதிதாக வேலைக்குச் சேரும் உங்களுக்கு அலுவலகத்தில் முதல் நாளே ஒரு பை கொடுப்பார்கள். உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில், நன்கொடை நிறுவனத்தின் சின்னம் போட்ட பேனா, யாரும் படிக்காத ஒரு கையேடு. என்னைக் கேட்டால் அதெல்லாம் வேண்டாம், ஆளுக்கொரு தினசரி காலண்டர் கொடுத்தால் போதும் என்பேன். மளிகைக் கடையில் வருஷப் பிறப்புக்கு இலவசமாகத் தருவார்களே, ராகு காலம், எமகண்டம், அமாவாசைக்குக் கருப்பு வட்டம் எல்லாம் போட்டுத் தாள் தாளாகக் கிழிக்கும் காலண்டர், அதுதான். பெரிய பெரிய பொருளாதாரம் படித்தவர்கள் அந்தக் கருப்பு வட்டத்தில் தடுக்கி விழுந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வெளியிலிருந்து உதவி வந்தால் அதை வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பதும், வந்தவர்கள் பேச்சை நெசவாளர்களுக்கும் நெசவாளர்கள் பேச்சை வந்தவர்களுக்கும் மொழிபெயர்ப்பதும் என் வேலை. அறிக்கை எழுதுவது, கூட்டம் நடத்துவது எல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். எதைச் சொல்வது, எப்போது சொல்வது, எப்போது வாயை மூடிக்கொண்டிருப்பது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரமாட்டார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதனால் வாயை மூடக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு ரொம்ப காலம் பிடித்தது.

அப்போது பட்டு நூல் விலை தாறுமாறாக ஏறிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு கடலில் கப்பல்கள் சுற்றுவழியில் போக வேண்டியிருந்தது, எங்கோ ஒரு நாடு ஏற்றுமதியை இறுக்கிப் பிடித்தது. இங்கே டெல்லியில் இறக்குமதி வரியைக் குறைப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். குறைத்தால் கர்நாடகத்தில் பட்டுப்புழு வளர்ப்பவர் வயிற்றில் அடி, குறைக்காவிட்டால் காஞ்சிபுரத்தில் நெய்பவர் வயிற்றில் அடி. நீங்கள் இதை ‘வெளி அதிர்ச்சி’ என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். தெருவில் அதற்குப் பெயர் ‘நூலு வரல’.

எங்கள் ஊரில் பெரும்பாலும் கூலி நெசவு. புடவை வியாபாரி நூலும் ஜரிகையும் கொடுப்பார், நெசவாளி தன் வீட்டுத் தறியில் நெய்து புடவையாகக் கொடுத்துக் கூலி வாங்குவார். நூல் விலை ஏறியதும் வியாபாரிகள் கையை இறுக்கினார்கள். முன்பு கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்த நூலை இப்போது ஆள் பார்த்துக் கொடுத்தார்கள். தறிகள் நிற்கவில்லை. அடுத்தது எப்போது கிடைக்குமோ என்று, இருக்கிற நூலை இழுத்து இழுத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு வெளிநாட்டு நன்கொடை நிறுவனம் உதவ முன்வந்தது. நிலைமையைப் பார்த்து வர இரண்டு பேரை அனுப்பியது. முந்தின நாள் சாயங்காலம் சென்னையிலிருந்து எங்கள் இயக்குநர் போன் செய்தார்.

“வசந்தி, நாளைக்கு காலைல அவங்களக் கூட்டிக்கிட்டு வரேன். சின்ன காஞ்சிபுரத்துல ஒரு நெசவுத் தெரு, அப்புறம் சாப்பாடு, உடனே கிளம்பிடுவோம்.”

“சார், நாளைக்கு அமாவாசை.”

“அதனால என்ன? நிறைஞ்ச நாள்தானே. நல்லதே நடக்கும்.”

நான் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் போனை வைத்துவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஊரில் எல்லோருக்கும் அமாவாசை நல்ல நாள்தான், அன்றைக்குப் பார்த்துக் கடை திறப்பவர்கள் உண்டு. நெசவாளிக்கு மட்டும் அது விடுமுறை. மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை எப்படியோ அப்படி. காலையில் தறியைத் துடைத்துப் பூ வைத்துக் கற்பூரம் காட்டித் துணி போட்டு மூடிவிடுவார்கள். அப்பா தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டு, வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்கள். அன்றைக்கு யாரும் தறிக் குழியில் கால் வைக்கமாட்டார்கள்.

வந்தவர்களில் மூத்தவர் பெயர் அபெனா. கானா நாட்டுக்காரர், பொருளாதார வல்லுநர், என் வயதுதான் இருக்கும். கூட வந்த ஹென்றிக் வட ஐரோப்பாவைச் சேர்ந்த இளைஞர். அதுதான் அவருடைய முதல் களப்பயணம். இளகிய மனசு என்பது முகத்திலேயே தெரிந்தது. வழக்கமாக மொழிபெயர்ப்பு என் வேலை. அன்று இயக்குநரே அதைக் கையில் எடுத்துக்கொண்டார். பெரிய இடத்து ஆட்கள் வந்தால் அப்படித்தான்.

தெருவுக்குள் நுழைந்தோம். மற்ற நாளில் அங்கே தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்திப் பேச வேண்டும். அன்று குருவி கத்துவது கேட்டது. ஹென்றிக் நடையை மெதுவாக்கிக்கொண்டார். முதல் வீட்டில் மூடிக் கிடந்த தறியையும் அதன் மேல் இருந்த சாமந்திப் பூவையும் குங்குமத்தையும் பார்த்தவர் குரலைத் தாழ்த்தி, “இது துக்கச் சடங்கா?” என்று கேட்டார்.

“ஒரு வகை மரியாதை” என்றார் இயக்குநர்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அடுத்த வீடு கற்பகத்தின் வீடு. கற்பகமும் அவள் புருஷன் ஏகாம்பரமும் சேர்ந்து ஒரே தறியில் நெய்பவர்கள். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறமாகச் சேர்த்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். பல வருஷமாக எனக்குப் பழக்கம், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். தறி ஏன் ஓடவில்லை என்று ஹென்றிக் ஏகாம்பரத்தைக் கேட்டார்.

“இன்னிக்கி ஓட்டறதில்லீங்களே” என்றார் ஏகாம்பரம், இது கூடத் தெரியாதா என்பது போல.

“தறி ஓட்டுவதில்லை என்கிறார்” என்று இயக்குநர் ஆங்கிலத்தில் சொன்னார். ‘இன்னிக்கி’ நடுவழியில் எங்கேயோ இறங்கிக்கொண்டது.

கற்பகம் தட்டில் வடை கொண்டுவந்து வைத்தாள், ஆளுக்கொரு டம்ளர் பாயசமும் கொடுத்தாள். ஹென்றிக்கின் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு கஷ்டத்திலும் விருந்தாளிக்குச் சமைத்து வைத்திருக்கிறார்களே என்று அபெனாவிடம் கிசுகிசுத்தார். அபெனா இரண்டாவது வடையை எடுத்தார். அவர் பார்வை தறியை மூடிய துணியின் ஓரத்தில் இருந்தது. அங்கே அரக்குச் சிவப்பில் பாதி நெய்த ஒரு முகூர்த்தப் புடவை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

போன வீடெல்லாம் இதே கதைதான். எங்கும் மூடிய தறி, பூ, வடை. தெருவின் கடைசியில் இயக்குநர் போனை எடுத்து அலுவலகத்துக்குப் பேசினார். சந்தோஷத்தில் குரல் உயர்ந்துவிட்டது. “ஆமா, எல்லாத் தறியும் நின்னு போச்சு. நின்ன தறிக்கு மாசாமாசம் உதவித் தொகைன்னு எழுதப் போறாங்க. நல்லா கவனி, நின்ன தறிக்குத்தான்.” வாசலுக்கு வாசல் ஆள் நின்றுகொண்டிருந்தது அவர் கண்ணில் படவில்லை.

பேருந்து நிலையம் பக்கம் ஒரு ஓட்டலில் மதியச் சாப்பாடு. விருந்தாளிகள் இருவரும் கை கழுவப் போனதும் இயக்குநர் என் பக்கம் சாய்ந்தார்.

“நீ ஒண்ணும் பேசாத வசந்தி. இது தானா அமைஞ்சது. நாம பொய்யா சொன்னோம்?”

அவர் கெட்டவர் இல்லை. திட்டம் கிடைக்காவிட்டால் அலுவலகத்தில் பாதிப் பேருக்குச் சம்பளம் கிடையாது, அந்தக் கவலை அவருக்கு எப்போதும் உண்டு. என் ஒப்பந்தத்தை வருஷா வருஷம் நீட்டிக் கையெழுத்துப் போடுபவரும் அவர்தான். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிட ஒரு விஷயம் உறுத்தியது. நின்ற தறிக்குப் பணம் என்றால் ஓடுகிற தறியையும் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். நம் துறையில் ஆடியில் சொன்ன பணம் தையில் வந்தாலே சீக்கிரம். அதுவரை தறியும் நிற்கும், கூலியும் நிற்கும். நூல் விலை ஏறியும் நிற்காத தறிகளை உதவி வந்து நிறுத்தப் போகிறது.

அபெனா கை துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். நேராக என்னைப் பார்த்தார்.

“இந்த ஊர்த் தெருவில் தறிச் சத்தத்தில் காது அடைத்துப் போகும் என்று வரும்போது டிரைவர் சொன்னார். எப்போதிலிருந்து இப்படி அமைதியாகிவிட்டது?”

இயக்குநர் என் காலை மேஜைக்கு அடியில் லேசாக மிதித்தார்.

“இன்று காலையிலிருந்து” என்றேன். “இன்று அமாவாசை. அவர்களுக்கு விடுமுறை. நாளை காலை வந்து கேளுங்கள், காதைப் பொத்திக்கொள்வீர்கள்.”

இயக்குநர் ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹென்றிக் என்னையும் அபெனாவையும் மாறி மாறிப் பார்த்தார். அபெனா பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

“எங்கள் கடற்கரையில் மீனவர்கள் செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். அது கடலின் ஓய்வு நாள். நான் சிறுமியாக இருந்தபோது ஒரு குழு செவ்வாய்க்கிழமை பார்த்து வந்தது. கரையில் கிடந்த படகுகளைப் படம் பிடித்துக்கொண்டு போய், இந்தக் கடலில் மீன் தீர்ந்துவிட்டது என்று எழுதிவிட்டது. மீனுக்குப் பதிலாகப் பிழைத்துக்கொள்ள எங்கள் ஊர் முழுக்கக் கோழி கொடுத்தார்கள்.”

“அப்புறம்?” என்று கேட்டேன்.

“அப்புறம் என்ன, புதன்கிழமை மீன் பிடிக்கப் போனோம். கோழிகள் கருவாட்டைத் தின்று கொழுத்தன.”

விமானம் மறுநாள் இரவுதான், அதனால் காலையில் மறுபடி அந்தத் தெருவுக்குப் போகலாம் என்று அபெனா முடிவு செய்தார். நான் நிம்மதியாக ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அந்த நிம்மதி வீட்டு வாசல் வரைதான் நீடித்தது. அங்கே கற்பகமும் ஏகாம்பரமும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, நின்ன தறிக்குத்தான் காசாமே? தெரு வாட்ஸ்அப் குரூப்ல வந்துக்கினு இருக்குது. நாளைக்கி ஒருத்தரும் தறில உக்காரக் கூடாதுன்னு பேசி வெச்சிருக்காங்க.”

நாளைக்குக் காதைப் பொத்திக்கொள்வீர்கள் என்று அபெனாவிடம் அளந்துவிட்டு வந்திருக்கிறேன். இங்கே தெருவே தறியைப் பூட்டிவிட்டது.

“எனக்கு ஒரு வார்த்த சொல்லுக்கா. உக்காரட்டா, வேணாமா?” என்றாள் கற்பகம். “பாய் அவராண்ட இருந்த கடைசி பழைய வெல நூல எங்களுக்குத்தான் குடுத்திருக்காரு. முகூர்த்தத்துக்குப் பொடவ போய்ச் சேரலன்னா அடுத்த நூலு வேற ஊட்டுக்குப் பூடும். ஓட்டினா தெருவே திட்டும், வர்ற காசும் வராது. நீ சொல்லு.”

பாய் என்று அவள் சொன்னது சலீம் பாயை. பரம்பரையாக ஊரில் புடவை வியாபாரம் செய்யும் குடும்பம், கற்பகம் மாதிரி நிறையப் பேருக்கு அவர்தான் நூல் கொடுப்பவர்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். உங்களுக்கும் ஒரு நாள் இது வரும். ஓட்டு, உனக்குப் பணம் கிடைக்கும் என்று நான் சொன்னால் பொய். அது என் கையில் இல்லை. நாளைக்கு அந்த அம்மா பார்க்க வருகிறார், அதற்காக ஓட்டு என்று சொன்னால் அது நாடகம். நின்ற தறியைக் காட்டுவதற்கும் ஓடுகிற தறியைக் காட்டுவதற்கும் அப்புறம் என்ன வித்தியாசம்? என் பேச்சு பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக அவள் பிழைப்பில் கை வைக்க எனக்கு உரிமை கிடையாது. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், கஷ்டமாக இருந்தது.

“எனக்குத் தெரிஞ்சத மட்டும் சொல்றேன் கற்பகம். பணம் வருமா, எனக்குத் தெரியாது. நின்ன தறிக்கா ஓடற தறிக்கா, அதுவும் இன்னும் முடிவாகல. வந்தாலும் மாசக்கணக்கா ஆகும். இத்தனை வருஷத்துல நான் பாத்தது அதுதான்.”

“அப்ப ஓட்டுன்றியா?”

“நான் சொல்லல.”

“ஓட்டாதன்றியா?”

“அதையும் சொல்லல.”

“இன்னாக்கா நீ, உங்கூட ஒரே பேஜாரா கீது” என்று அலுத்துக்கொண்டாள் கற்பகம். ஏகாம்பரம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “அவ உக்காந்தா நானும் உக்காரணும். கோர்வைக்கு ஆள் வேணும்ல” என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

மறுநாள் காலை தெருவுக்குள் நுழைந்தோம். முதல் நாள் மாதிரியே குருவிதான் கத்திக்கொண்டிருந்தது. ஒரே வித்தியாசம், தெருவே வாசலில் இருந்தது. வாழ்நாளில் பேப்பர் படித்து நான் பார்த்திராத ஆண்கள் எல்லாம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் போட்டு முடித்த கோலத்துக்கு இன்னும் ஒரு சுற்று கம்பி இழுத்தார்கள். எங்களைப் பார்த்ததும் எல்லோர் முகத்திலும் அப்படி ஒரு சோகம். கல்யாண வீட்டில் பெண்ணை வழியனுப்பும்போதுகூட அவ்வளவு சோகத்தை நான் பார்த்ததில்லை.

இயக்குநர் என் காதருகே வந்தார். “ஏன் வசந்தி, இன்னிக்கும் அமாவாசையா?”

எனக்குக் காதெல்லாம் சூடேறியது. அபெனா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கற்பகத்தின் வீட்டு வாசலில் கோலம்கூட இல்லை, கதவு சாத்தியிருந்தது. சரி, அவளும் தெருவோடு போய்விட்டாள், அது அவள் முடிவு என்று மனசைத் தேற்றிக்கொண்டு அபெனாவிடம் என்ன சொல்லலாம் என்று யோசித்தேன்.

அப்போது கதவுக்கு உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மறுபடி ‘டக்’. பிறகு நிற்காமல் ‘டக் டக் டக்’ என்று தறி ஓட ஆரம்பித்தது.

எதிர் வீட்டுத் தேவகி கோல மாவுக் கிண்ணத்தோடு பாய்ந்து வந்தாள். “ஏய் கற்பகம்! நேத்து இன்னா பேசினோம், நீ இன்னா செய்யற?”

உள்ளேயிருந்து பதில் வந்தது. தறி நிற்கவில்லை. “கல்யாணப் பொண்ணு எனக்கோசரம் முகூர்த்தத்தத் தள்ளி வெப்பாளாடி? உனுக்கு வோணும்னா நீ நிறுத்து!”

தேவகி இடுப்பில் கை வைத்து நின்றாள். எங்களைப் பார்த்தாள், சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள். “த்தூ, பாழாப் போச்சு எல்லாம்” என்று கிண்ணத்தை வாசலிலேயே வைத்துவிட்டு விறுவிறுவென்று தன் வீட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் தறியும் ஓடியது. ஒரு வீடு ஓட்டிவிட்டால் அப்புறம் மற்ற வீடுகள் நிறுத்தி வைத்து என்ன லாபம்? பேப்பர்கள் ஒவ்வொன்றாக மடிந்தன. தெருவின் ஒற்றுமை டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. கடைசியில் ஹென்றிக் நிஜமாகவே காதைப் பொத்திக்கொண்டார்.

“நேற்று நின்றது புரிந்தது. இன்று காலையில் எதற்காக நின்றது?” என்று அபெனா என்னிடம் கத்திக் கேட்டார்.

“உங்களால்தான்” என்று நானும் கத்தினேன். “நின்ற தறிக்குப் பணம் என்று கேள்விப்பட்டார்கள்.”

அவர் தலையை ஆட்டினார். ஹென்றிக் ரொம்ப யோசித்துவிட்டு, “அப்படியானால் அந்த வடை?” என்று கேட்டார். அமாவாசைக்கு எல்லார் வீட்டிலும் வடைதான் என்றதும் அவர் முகம் தறியில் இருந்த புடவையின் நிறத்துக்குச் சிவந்தது. பிறகு அவரே சிரித்துவிட்டார். நல்ல பிள்ளை.

அபெனா கற்பகத்தின் வீட்டுக்குள் போய்த் தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். என்ன உதவி வேண்டும் என்று கேட்டார், இந்த முறை நான்தான் மொழிபெயர்த்தேன். “நூலு பழைய வெலைக்கு வந்தா போதும், மத்தத நாங்க பாத்துக்கறோம்” என்றாள் கற்பகம். ஓர் ‘இன்னிக்கி’கூட விடாமல் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

பணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். ஓடுகிற தறிக்கு நூல் விலையில் ஏறிய பங்கை நன்கொடை நிறுவனம் ஏற்கும் என்று திட்டத்தை மாற்றி எழுதினார் அபெனா. தறிகள்தான் ஓடுகின்றனவே, அவ்வளவு கஷ்டம் இருக்காது என்று தலைமையகத்தில் தொகையைப் பாதியாக வெட்டினார்கள். அதுவும் மாசக்கணக்காகக் காத்திருந்த பிறகுதான் வந்தது. உண்மை பேசினால் முழுப் பணமும் வரும் என்று உங்களிடம் நான் சொல்லமாட்டேன், நான் பார்த்ததில்லை. இயக்குநர் கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒப்பந்தத்தை மட்டும் பெருமூச்சு விட்டபடி நீட்டினார். இப்போது கருத்தரங்குகளில் இந்தக் கதையை அவர்தான் சொல்கிறாராம், அதில் அமாவாசை என்று எச்சரித்தது அவராம். இருக்கட்டும், நன்றாகத்தான் சொல்வார்.

நீங்கள் எதற்குப் பணம் தருகிறீர்களோ அது பெருகும். நிற்பதற்குத் தந்தால் நிற்பது பெருகும். இது ஒன்றும் பெரிய தத்துவம் இல்லை, வீட்டில் குழந்தை வளர்த்த எல்லோருக்கும் தெரியும். அழுதால் மிட்டாய் என்றால் குழந்தை எதைக் கற்றுக்கொள்ளும்? இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உதவிப் பணம் மாட்டு வண்டியில் வரும், உதவி பற்றிய பேச்சு வாட்ஸ்அப்பில் போகும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற காலத்தில்தான் ஜனங்கள் சாப்பிட வேண்டும். நம் வேலை பெரும்பாலும் அந்த நடுக்காலத்தில்தான் இருக்கிறது.

அது எனக்கு உறைத்தது, தெருவில் தறிகள் மறுபடி ஓடிய அன்று மதியமே. விருந்தாளிகளை அனுப்பிவிட்டுக் கற்பகத்தின் வீட்டில் மோர் குடித்துக்கொண்டிருந்தேன். சலீம் பாய் போன் செய்தார்.

“அம்மா, சலாம். ஓரிக்கைல நம்ம தறிங்க எல்லாம் நின்னுக்கினு இருக்குது. நூலு குடுத்த தறிம்மா! கேட்டா காசு வருதுன்றாங்க. இன்னா சொல்லி வெச்சீங்க? ஜல்தி போய்ப் பாருங்கம்மா.”

ஓரிக்கை பாலாற்றங்கரை ஊர். அங்கே எந்தக் குழுவும் போகவில்லை, யாரும் எதையும் விளக்கவில்லை. வாட்ஸ்அப் செய்தி மட்டும் போயிருக்கிறது. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு தறிச் சத்தத்தில் கலைந்த ஏற்பாடு அங்கே அப்படியே நின்றுகொண்டிருந்தது. போகத்தான் வேண்டும். ஆனால் போய் என்ன சொல்வேன்? முந்தின நாள் கற்பகத்திடம் சொன்ன அதே ‘தெரியாது’வைத்தான் சொல்ல முடியும். அதைக் கேட்டு யார் தறியில் உட்காருவார்கள்? நான் ஸ்கூட்டரைக் கிளப்பியதும் பின்னால் பாரம் ஏறியது. கற்பகம் உட்கார்ந்திருந்தாள்.

“உனக்கு எதுக்கு? முகூர்த்தம் இருக்கு, போய் வேலையப் பாரு” என்றேன்.

“நீ பேசினா ஒருத்தருக்கும் புரியாதுக்கா. வண்டிய எடு.”

ஓரிக்கையில் டீக்கடை முன்னால் நெசவாளர்கள் கூடியிருந்தார்கள். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பணம் எப்போது என்று தெரியாது, ஓடுகிற தறிக்கு உதவலாம் என்று பேச்சு இருக்கிறது, அதுவும் முடிவாகவில்லை என்றேன். கூட்டம் முணுமுணுத்தது. டீ டம்ளரைப் பிடித்திருந்த ஒருவர் முன்னால் வந்தார்.

“சரிம்மா, உங்க பேச்சக் கேட்டு நாங்க ஓட்டிட்டோம்னு வெச்சிக்கோங்க. அப்புறம் நின்ன தறிக்குத்தான் காசுன்னு வந்துட்டா? யாரு பொறுப்பு?”

பொறுப்பு ஏற்க நான் யார், அபெனாதான் யார்? தலையைக் குனிந்துகொண்டேன். அந்த இடத்தில் எனக்கு என் வேலையே வெட்கமாக இருந்தது.

“நான் ஓட்டிட்டேன்” என்றாள் கற்பகம். “எங்க தெருவுல மொத மொதல்ல ஓட்டினவ நான்தான், திட்டும் நான்தான் வாங்கினேன். காசு போச்சுன்னா எனக்கும்தான் போச்சு. வரட்டும்பா, வரும்போது வரட்டும். அதுக்குள்ள நெய்ஞ்சி முடிச்சி தறிலேர்ந்து ஒரு பொடவ அறுத்துடலாம் இல்ல?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். டம்ளர்க்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஒண்ணு இன்னாம்மா ஒண்ணு, நான் ரெண்டு அறுப்பேன்” என்று டம்ளரை பெஞ்சு மேல் வைத்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார். அவர் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். சிலர் போகவில்லை, பேசிக்கொண்டே நின்றார்கள். நான் அவர்களிடம் மறுபடி ஆரம்பிக்கப் போனேன். கற்பகம் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

“வாக்கா, போலாம். இங்க பேசிக்கினே இருந்தா, அங்க என் தறி நின்னுக்கினு இருக்குது.”